ஐயுற வேண்டியது ஆளையன்று, ஏவலை

புனேயின் பழைய பேட்டைகளில் வீட்டு வாயில்தோறும் தொங்கும் அறிவிப்புப் பலகைகள் 'புணேரி பாட்யா' என்னும் பெயரால் மராட்டியம் முழுவதும் அறியப்பட்டவை. கிண்டலும் கண்டிப்பும் கலந்த அந்தப் பலகைகளுள் பெரும்பாலானவை ஒரு செயலைத் தடுக்கின்றன: பகல் ஒன்று முதல் நான்கு வரை மணியை அழுத்தாதீர், வாயிலின் முன் வண்டியை நிறுத்தாதீர், வெளியேறும்போது கதவைச் சாத்தாமல் செல்லாதீர். வருபவர் யார் என்பதைப் பற்றி அவற்றுக்கு அக்கறையில்லை. பகல் தூக்கத்தைக் கலைப்பவர் அமைச்சராயினும் அஞ்சற்காரராயினும் ஒன்றே.

அதே நகரத்தின் புதிய பகுதிகளில், பாணேரிலும் வாகடிலும் காரடியிலும், அடுக்ககச் சங்கங்களின் வாயிற்பலகைகள் வேறோர் இலக்கணத்தில் எழுதப்படுகின்றன. தெரு வணிகர்க்கு அனுமதியில்லை; இரப்போர்க்கு அனுமதியில்லை; வீட்டுப் பணியாளர் இன்ன மின்தூக்கியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். முந்தைய பலகை வினையைத் தடுத்தது. இது பெயரைத் தடுக்கிறது. இந்த மாற்றம் பாதுகாப்பின் பெயரால் நிகழ்ந்தது. ஆனால் வாயிற்படி மோசடியிலிருந்தும், ஆளில்லா வீட்டைத் தேடி வரும் திருட்டிலிருந்தும் இந்த இரண்டாம் இலக்கணம் ஒரு வீட்டையும் காப்பதில்லை. மாறாக, ஏமாற்றுவோர்க்கு வழிவிட்டு, ஏமாற்றாதோரைத் தண்டிக்கிறது.

வாயிற்படி மோசடி எவ்வாறு நிகழ்கிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். புனேயிலும் சென்னையிலும் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப நிகழும் ஒன்று, போலிக் காவலர் மோசடி. காலை நடையிலிருந்து வீடு திரும்பும் மூதாட்டியை இருவர் மறிக்கின்றனர். மழித்த முகம், ஒட்ட வெட்டிய முடி, சட்டைப்பையில் ஓர் அட்டை. அவரை 'ஆஜி' என்று அன்போடு விளிக்கின்றனர். முன் தெருவில் நகைப்பறிப்பு நிகழ்ந்துவிட்டது, சோதனை நடக்கிறது, இவ்வளவு நகையோடு வெளியே வரலாமா என்று கடிந்துகொள்கின்றனர். சங்கிலியைக் கழற்றித் தாளில் மடித்துத் தருமாறு பணிக்கின்றனர். மடித்துக் கொடுத்த பொட்டலத்தை வீட்டில் பிரித்தால் உள்ளே கூழாங்கற்கள். மற்றொன்று நகை மெருகேற்றும் மோசடி. முதலில் பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்து காட்டுவர்; பின்னர்த் தங்க வளையலை வாங்கி ஒரு கரைசலில் இடுவர். கண்ணெதிரே தங்கத்தின் ஒரு பகுதி கரைசலில் கலந்துவிடும். அல்லது நகை மறைந்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திறக்கச் சொன்ன பாத்திரத்தில் மஞ்சள் நீர் மட்டும் எஞ்சும். மூன்றாவது, எரிவாயுக் குழாயைச் சோதிக்கவும் மின்மானியைப் பார்க்கவும் வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைவது.

இவற்றுள் ஒன்றிலேனும் மோசடிக்காரர் அந்நியராகத் தோன்றுவதில்லை. அவர் அதிகாரமாகத் தோன்றுகிறார். காவல்துறையின், மின்வாரியத்தின், வங்கியின் மொழியைப் பேசுகிறார். ஐயத்துக்குரியவராகத் தோன்றாமல் இருப்பதுதான் அவருடைய தொழில். எனவே, ஐயத்துக்குரியவராகத் தோன்றுவோரை வாயிலில் நிறுத்தும் ஏற்பாடு எவ்வளவு கடுமையாக இருப்பினும் இவரை நிறுத்தாது. கீரைக்காரியைத் திருப்பியனுப்பும் அதே காவலாளி, அடையாள அட்டையும் அதட்டல் குரலும் உடையவருக்கு எழுந்து நின்று வழிவிடுவார். வழிவிடாவிட்டால் அவர் வேலை போகும் என்பதையும் அவர் அறிவார்.

இதன் வலிமையை 1966 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சார்லஸ் ஹாஃப்ளிங் குழுவினரின் ஆய்வு காட்டியது. மருத்துவமனைச் செவிலியர்க்குத் தொலைபேசியில் முன்பின் அறியாத ஒருவர் மருத்துவர் எனத் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, குப்பியில் அச்சிடப்பட்ட உச்ச அளவைப் போல் இருமடங்கு மருந்தை நோயாளிக்குத் தருமாறு பணித்தார். மருத்துவமனை விதிப்படி தொலைபேசி ஆணையே செல்லாது. ஆயினும் 22 செவிலியருள் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர், வழியில் தடுக்கப்பட்டனர். அவர்கள் அறிவிலிகள் அல்லர், பயிற்சி பெற்றவர்கள். ஏவலைக் கேட்டவுடன் நிறைவேற்றுவதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. புனேயில் ஏமாறும் ஓய்வுபெற்ற பேராசிரியரையும் பொறியாளரையும் பார்த்து, 'படித்தவரே இப்படி ஏமாறலாமா' என்று வியப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்பு நிறுவனத்தின் குரலுக்குச் செவிசாய்க்கவும் பழக்குகிறது.

ஏமாற்றும் ஏவல் சில வினைகளுக்குள் அடங்கிவிடுகிறது: கழற்று, திற, காட்டு, சொல், அனுப்பு. நகையைக் கழற்று, கதவைத் திற, அலமாரியைக் காட்டு, கடவு எண்ணைச் சொல், பணத்தை அனுப்பு. இவற்றோடு எப்போதும் ஒட்டிவரும் அடை ஒன்றுண்டு: உடனே. இறுதியாக ஒரு தடை: யாரிடமும் சொல்லாதே. தமிழில் 'ங்க' சேர்த்தும், மராட்டியில் 'காகூ', 'ஆஜி' என உறவு கூட்டியும் பணிவாகச் சொல்லப்படினும் ஏவல் ஏவலே. சொல்பவர் மாறுவார், உடை மாறும், வினைகள் மாறா. காக்க விரும்பும் வீடு இந்த வினைகளைக் காவல் காக்க வேண்டும்.

பெயரைக் காவல் காப்பதன் வரலாறு இந்த மண்ணில் நீண்டது. ஆங்கிலத்துக்கு இந்தியா தந்த சொற்களுள் ஒன்றான 'தக்' மராட்டியிலும் இந்தியிலும் ஏமாற்றுக்காரரைக் குறிக்கும். அதாவது ஒரு செயலைச் செய்பவரை. 1836 ஆம் ஆண்டின் தக் ஒழிப்புச் சட்டம் அதைக் குழுவின் பெயராக்கியது. குறிப்பிட்ட குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. அத்தகைய கும்பலைச் சேர்ந்தவர் என்பதே ஆயுள் தண்டனைக்குப் போதுமானதாயிற்று. 1871 ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் இதை ஒரு படி மேலே கொண்டு சென்று பிறப்பையே சான்றாக்கியது. 1911 ஆம் ஆண்டுத் திருத்தம் சென்னை மாகாணத்தையும் அதற்குள் இழுத்தது. தமிழ்நாடு அதைக் கைரேகைச் சட்டம் என்றே நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 16 பேர் மாண்டனர். மராட்டியத்தில் சோலாப்பூர்க் குடியிருப்பு முள்வேலிக்குள் இருந்தது.

மராட்டியில் 'உசல்ணே' என்றால் தூக்குதல், எடுத்தல். அவ்வினையிலிருந்து பிறந்த 'உசல்யா', எடுத்துச் செல்பவர், ஒரு சமூகத்தின் பெயராயிற்று. அந்தப் பெயரையே தலைப்பாக்கி லட்சுமண் கெய்க்வாட் 1987 இல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு வினை பெயராகி, பெயர் சாதியாகி, சாதி காவல்நிலையக் கோப்பாகும் பாதையை மொழியியல் மாணவர் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காண முடியாது.

சட்டம் 1952 ஆகஸ்டு 31 அன்று நீக்கப்பட்டது. மக்கள் 'விமுக்த' என்றும் தமிழ்நாட்டில் 'சீர்மரபினர்' என்றும் புதுப்பெயர் பெற்றனர். ஆயினும் வழக்கமான குற்றவாளிகள் பற்றிய மாநிலச் சட்டங்கள் பழைய கோப்புகளுக்குப் புதிய உறை தந்தன. இதழாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டை நீக்க ஆணையிட்டது. சீர்மரபினர் காரணமின்றிக் கைது செய்யப்படாமல் இருப்பதை உறுதி செய்யுமாறு காவல்துறைக்கும் நினைவூட்டியது. சட்டம் நீக்கப்பட்டு 72 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது. நீதிமன்றம் சிறைக் கையேட்டைத் திருத்தலாம். அடுக்ககத்தின் வாட்சப் குழுவை யார் திருத்துவது?

அந்தக் குழுவில் பரவுவது எத்தகைய எச்சரிக்கை என்பதை அனைவரும் அறிவர். மங்கலான கண்காணிப்புப் படம், 'இத்தகைய பெண்கள் துணி விற்பதுபோல் வருகிறார்கள்', 'வடக்கிலிருந்து ஒரு கும்பல் இறங்கியிருக்கிறது', 'போர்வை விற்பவர்களை நம்பாதீர்'. என்ன செய்தார்கள் என்னும் வினைக்கு அதில் இடமில்லை. இதன் முடிவு பலமுறை பார்க்கப்பட்டுவிட்டது. 2018 ஜூலை 1 அன்று துளே மாவட்டத்தின் ரைன்பாடாவில், பிள்ளை பிடிப்போர் என்ற வதந்தியால் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் சோலாப்பூர் மாவட்டத்திலிருந்து வந்த, இரந்துண்டு வாழும் நாத் பந்தி டவரி கோசாவி நாடோடிச் சமூகத்தினர். அதற்கு இரு மாதம் முன்பு திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி அதே வதந்தியால் கொல்லப்பட்டார். 2020 ஏப்ரல் 16 இரவு பால்கர் மாவட்டத்தின் கட்சிஞ்சலேயில், திருடர் நடமாட்டம் என்ற அச்சத்தில் விழித்திருந்த கூட்டம் இரு துறவியரையும் அவர்களது வாகன ஓட்டுநரையும் காவலர் முன்னிலையிலேயே கொன்றது. பெயரையும் தோற்றத்தையும் நோக்கி வளர்க்கப்படும் ஐயம் எங்கே நிற்கும் என்பதை அதை வளர்ப்போரால் முடிவு செய்ய இயலாது.

ஒரு மறுப்பு எழும். தனியே வாழும் முதியவர் கதவைத் தட்டும் ஒவ்வொருவரையும் மானுட நேயத்தோடு வரவேற்க வேண்டுமா? வேண்டியதில்லை. கதவைத் திறக்காமல் இருப்பது எவரது உரிமைக்கும் இழுக்கன்று. ஒரே விதி எல்லோர்க்கும் பொருந்த வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. கீரைக்காரிக்கும் கம்பிக் கதவின் உள்ளிருந்தே விடை. காவலர் என்று சொல்பவருக்கும் உள்ளிருந்தே விடை. இரண்டாவதைச் செய்யத் துணியாத வீடு முதலாவதைச் செய்வதால் பெறுவது பாதுகாப்பன்று. பாதுகாப்பாக இருப்பதான ஓர் உணர்வு.

சட்டமோ இந்தத் துணிவுக்கு ஆதரவாகவே நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36 ஆம் பிரிவு, கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகவும் புலப்படும்படியும் உள்ள அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்கிறது. 43 ஆம் பிரிவின்படி, விதிவிலக்கான சூழல் தவிர, பெண்ணைக் கதிரவன் மறைந்த பின்னும் எழுவதற்கு முன்னும் கைது செய்யலாகாது. வீட்டைச் சோதனையிட வருபவர் அப்பகுதியில் வாழ்வோர் இருவரையேனும் சான்றாக அழைக்க வேண்டும் என்பது 103 ஆம் பிரிவு. சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 105 ஆம் பிரிவு. உண்மையான அதிகாரம் அண்டை வீட்டாரை அழைக்கக் கடமைப்பட்டது. அண்டை வீட்டாரிடம் சொல்லாதே எனும் அதிகாரம் போலி. இந்த ஒரு வேறுபாட்டை ஒவ்வொரு முதியவரும் அறிந்திருந்தால் பல நகைகள் தப்பியிருக்கும்.

'டிஜிட்டல் கைது' எனப்படும் மோசடியும் இதே இலக்கணத்தின் விரிவே. உங்கள் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் இருந்தது என ஓர் அழைப்பு. பின்னர்க் காணொளியில் சிபிஐ அதிகாரி வேடம். அறையை விட்டு வெளியேறாதே, இணைப்பைத் துண்டிக்காதே, மக்களிடம் கூடச் சொல்லாதே, பணத்தை அனுப்பு. காணொளியில் கைது செய்யும் அதிகாரம் இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதுபற்றி எச்சரித்தார். 2025 இல் உச்ச நீதிமன்றம் தாமாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. வாயிற்காவலரும் பதிவேடும் முகப்பதிவுச் செயலியும் உள்ள அடுக்ககத்தின் பத்தாம் மாடியில், பூட்டிய கதவுக்குப் பின்னே இது நிகழ்கிறது. வாயிற்பலகை தடுத்தவருள் ஒருவரும் இதைச் செய்யவில்லை.

திருட்டின் கதையும் வேறன்று. 1979 இல் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் முன்வைத்த கோட்பாட்டின்படி, குற்றம் நிகழ மூன்று ஒன்றுகூட வேண்டும்: முனைப்புடைய ஒருவர், எளிதில் கிட்டும் இலக்கு, தடுக்கக் கூடியவர் அங்கில்லாமை. வாய்ப்பு நோக்கி வரும் திருடர் தேடுவது மூன்றாவதை. தீபாவளிக்கும் கணபதி விழாவுக்கும் ஊருக்குச் சென்ற வீட்டின் வாசலில் குவியும் செய்தித்தாள், இரவிலும் பகலிலும் எரியும் ஒரே விளக்கு, வெளியிலிருந்து தெரியும் தொங்குபூட்டு, செருப்பு அலமாரியில் வைத்த சாவி, பயணப் படங்களை உடனுக்குடன் ஊரறியச் செய்யும் பதிவு ஆகியவையே அவருக்கான அழைப்பு. அவற்றை நீக்கப் பணம் தேவையில்லை. பக்கத்து வீட்டாரின் பெயர் தெரிந்திருந்தால் போதும்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரையடுத்த கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஒருமுறை திருடப்பட்ட வீடே மீண்டும் திருடப்படுவதை ஆய்வாளர் கண்டறிந்தனர். அவ்வீடுகளின் பூட்டுகள் வலுப்படுத்தப்பட்டன. காசு போட்டு இயக்கும் எரிவாயு மானிகள், திருடரை ஈர்த்ததால், அகற்றப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் சுற்றியுள்ள சில வீட்டார் கண் வைத்துக்கொள்ளும் பொறுப்பேற்றனர். மூன்றே ஆண்டுகளில் வீடுபுகு திருட்டு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. அங்கே எவருடைய சாதியும் பதிவு செய்யப்படவில்லை. பூட்டும் மானியும் அண்டை வீட்டாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டனர்.

புனேயின் பழைய வாடாக்களில் பொது முற்றத்தை நோக்கி எப்போதும் ஒரு கண் இருந்தது. அந்த முற்றங்களைக் கனவாக்க வேண்டியதில்லை. எந்தச் சாதியார் எந்த எல்லையோடு நிற்க வேண்டும் என்னும் கணக்கும் அங்கே இருந்தது. புதிய அடுக்ககமோ முற்றத்தின் கண்ணை இழந்து, எல்லையின் கணக்கை மட்டும் காத்துக்கொண்டது. வீட்டுப் பணியாளரின் படமும் தொலைபேசி எண்ணும் வருகை நேரமும் செயலியில் பதிவாகின்றன. அவர் பையைச் சோதிக்கலாம். அவரோ தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்க வழியில்லை. மேசைமேல் வைத்த மோதிரம் காணாமற்போனால் முதலில் விசாரிக்கப்படுபவர் அவரே. பின்னர் அது குளியலறையில் கிடைத்தால் மன்னிப்புக் கேட்பவர் அரியர்.

இங்கே கல்வியுலகத்தார் தம்மை நோக்கிக் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. காலையில் வகுப்பில் 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காலனிய வன்முறை என விளக்குபவர், மாலையில் சங்கப் பொதுக்குழுவில் இன்னார்க்கு அனுமதியில்லை என்னும் தீர்மானத்துக்குக் கை உயர்த்துவது எவ்வாறு? குரலை வைத்தே ஆளை விலக்குவதை மொழியியலாளர் அறியாதவரல்லர். பர்னெல், இட்சார்டி, பா மூவரும் 1999 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு, வீட்டு உரிமையாளர் தொலைபேசியில் கேட்கும் பேச்சுவழக்கை வைத்தே வீட்டைக் காட்டவும் மறுக்கவும் செய்ததையும், ஒரே 'ஹலோ'விலிருந்து கேட்போர் பேசுபவரின் இனத்தை ஊகித்ததையும் காட்டியது. கோத்ரூட்டில் வாடகை அறை தேடும் மணிப்பூர் மாணவியும், மராத்வாடாவின் நாடோடிச் சமூகத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்த ஆய்வாளரும் அந்த ஆய்வைப் படிக்காமலே அறிவர். தமிழரும் மறந்திருக்க இயலாது. 1966 இல் மும்பையில் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர். 'யண்டுகுண்டு' என ஏளனம் செய்யப்பட்டது அவர்தம் பேச்சு. அன்று பெயரால் ஐயுறப்பட்டவரின் பிள்ளைகள் இன்று வாயிற்பலகைக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கின்றனர்.

செய்ய வேண்டியவை எளியவை. சங்கத்தின் பலகையிலிருந்து பெயர்களை நீக்கி வினைகளை எழுதலாம்: கதவைத் திறக்கச் சொல்பவர் எவராயினும் முதலில் அவர் அலுவலகத்தை அழைத்து உறுதி செய்க, அவர் தரும் எண்ணை அன்று, மின்கட்டணச் சீட்டில் அச்சிட்ட எண்ணை அழைக்க, நகையைக் கழற்றச் சொல்லும் எவர்க்கும் கழற்றாதீர், உடனே என்றால் மறுநாள் என்க. காவலர் என்பவர்மீது ஐயம் எழுந்தால் 112; பணம் பறிபோனால் தாமதமின்றி 1930; துணையற்ற முதியவர்க்கு 14567. ஒவ்வொரு தளத்திலும் தனியே வாழும் முதியவர்க்கு இரு வீட்டாரின் எண்கள் தொலைபேசி அருகே பெரிய எழுத்தில் இருக்கட்டும். காவலாளிக்கு, அடையாள அட்டை காட்டுபவரையும் நிறுத்தி வினவும் உரிமை எழுத்தில் தரப்படட்டும். அதனால் அவர் வேலை போகாது என்னும் உறுதியும் சேரட்டும். வங்கிகளும் வாரியங்களும் வாடிக்கையாளரை அழைத்து உடனே உறுதிசெய்யுமாறு மிரட்டும் வழக்கத்தைக் கைவிடட்டும். ஏமாறுவோரை உருவாக்கும் பள்ளி அதுவே.

பகல் ஒன்று முதல் நான்கு வரை மணியை அழுத்தாதீர் என்று எழுதிய பேட்டைக்காரர் கனிவானவர் என்று எவரும் சொல்லார். ஆயினும் அவர் எவரையும் பிறப்பால் திருடராக்கவில்லை. வருபவர் எவராயினும் நான்கு மணி வரை காத்திருக்க வேண்டும். காவலர் வேடமிட்டவரும் காத்திருக்க வேண்டும். அவரால் காத்திருக்க இயலாது.